தென்னமரம் தெரியுற கதவு

"வெட்டிட்டாங்கக்கா"ன்னு சொல்லியிருக்கக் கூடாது. அந்த ஒத்த வார்த்தைதேன் இப்ப ஒச்சப்பன் தொண்டைல மீன் முள்ளு மாதிரி குறுக்க நிக்குது. வேற என்னத்தையாச்சும் சொல்லியிருக்கலாம். ஒண்ணும் சொல்லாமயும் இருந்திருக்கலாம், ஆனா அந்த வாய்க்கு மூடுற பழக்கம் பொறந்ததுல இருந்தே கெடையாது. அக்கா தவமணி முன்னப் பின்ன சொல்லாம பொம்பளைகளுக்கு விடுற ஓசி பஸ் புடிச்சு, புருசன் மாயழகு மச்சானக் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு, ரிங் ரோட்டோரம் இருக்குற இந்தப் பழைய கார் விக்கிற கடைக்குள்ள நுழைஞ்சா. நுழைஞ்சவ தம்பியப் பாக்கல, காரப் பாக்கல, அண்ணாந்து நாலாப் பக்கமும் பாத்தா. "எங்கடா அந்தத் தென்னமரம்?" எந்தத் தென்னமரம்னு கேக்குறதுக்குள்ளயே போன எடுத்து ரெண்டு வெரலால விரிச்சுக் காட்டிட்டா. செவப்புக் கார். கடை வெளம்பரத்துக்கு இவன் எடுத்த போட்டோ. வலது பக்கத்துக் கதவு கண்ணாடி கணக்கா மின்னுது, அதுக்குள்ள ஒரு துண்டு நீல வானம், ஒரு மேகம், ஓரத்துல ஜம்முன்னு ஒரு தென்னமரம். இங்க சுத்துவட்டாரத்துல தென்னமரம் கெடையாது. ரோட்டுக்கு அங்கிட்டு இருக்குறது பஞ்சர் கடையும் மூணு கரண்டுக் கம்பியுந்தேன். மரம் போன வருசம் கொடைக்கானல் போறப்ப வத்தலக்குண்டுக்கிட்ட இவன் எடுத்தது. அதத் தூக்கியாந்து கதவுல ஒட்டுனதும் இவந்தேன். "வெட்டிட்டாங்கக்கா"ன்னு வாய் தன்னால சொல்லிருச்சு. "எப்ப?"ன்னா. "போன வாரம்." "அடப்பாவிங்களா, எம்புட்டு நல்ல மரம்"ன்னு அவ உச்சுக் கொட்டுனா பாருங்க, இல்லாத மரத்துக்காக, இவனும் கூடச் சேந்து கொட்டுனான்.

கார் கெளம்பி ஏழு நிமிசம் ஆச்சு. ஆபீஸ் செவுத்துக் கடியாரத்த நாலு தடவ எட்டிப் பாத்துட்டான். ஓட்டிப் பாக்கப் போயிருக்காக. அக்கா ஸ்டியரிங்ல, பக்கத்துல மச்சான், பின்னாடி மொதலாளி ஜெகதீசன். "இருவது நிமிசம்மா, பாண்டி கோயில் வரைக்கும் போயி ஒரு கும்புடு போட்டுட்டு திரும்பிருவோம்"ன்னு மொதலாளி சிரிச்சாரு. ஏறுறப்பத்தேன், "ஒச்சு, ஒன் போனக் குடு, என்னுதுல சார்ஜ் இல்ல"ன்னு கைய நீட்டுனாரு. இவனும் குடுத்தான். குடுத்த கை இன்னும் அந்தரத்துல நிக்குற மாதிரியே இருக்கு. சார்ஜ் இல்லயா, இல்ல இவன் போன் போட்டுறக் கூடாதுன்னா? காலைல மொதலாளி போன் மேசைல ஒயரோட கெடந்துச்சே. ஒயரு சுச்சுல இருந்துச்சா? சுச்சு போட்டுருந்துச்சா? சுச்சு போடாம ஒயர மட்டும் மாட்டி வச்சுட்டுப் போற ஆளுதேன் அவரு, கரண்டுக்குக் கூட காசுன்னு. அப்ப நெசமாவே சார்ஜ் இல்லாம இருக்கும். இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, போன் அவருகிட்ட. "ஒச்சு அக்காவா நீங்க? அப்ப இது நம்ம வீட்டுக் காரு"ன்னு அவரு சொன்னப்ப இவன் தோள்ல ஒரு கை வச்சாரு. வச்சாரா, அமுத்துனாரா? ரெண்டுக்கும் நடுவுல ஒரு அளவு இருக்கு. அந்த அளவு மொதலாளிக்கு நல்லாத் தெரியும்.

செவப்புக் கார் வந்தது போன மாசம். ஆடு மேய்க்கிறவன் மாதிரி ஒரு புரோக்கர் ஓட்டிக்கிட்டு வந்தான், பாத்தாப் புதுசு. கழுவி, தொடச்சு, மஞ்சத் துணி போட்டு மெழுகு தேச்சு நிப்பாட்டுனதும் இவன் கறுப்புச் சட்டைய மாட்டிக்கிட்டு கேமராவோட வந்தான். கறுப்புச் சட்டைதேன் இவன் யூனிபாரம். வேற கலர் போட்டா அது வண்டி பளபளப்புல விழுந்துரும். அக்கா இன்னைக்கு அதையும் விட்டு வைக்கல, "என்னடா சபரிமலைக்கு மாலையா? கறி தின்னாம ஒனக்கு ஒரு நாளு ஓடுமா?"ன்னா. வழக்கம்போல கதவுல மூணு கரண்டுக் கம்பியும் விழுந்துச்சு. நல்ல கதவுன்னா மூணும் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி ஓடும். இதுல முன்கதவு வரைக்கும் ஒழுங்காப் போன கம்பி நடுவுல வந்து புழு மாதிரி நெளிஞ்சுச்சு. வளைஞ்சு, உள்ள போயி, பின்கதவுல எந்திரிச்சு, மறுபடி ஒண்ணுந் தெரியாத மாதிரி நேராப் போச்சு. அடி வாங்குன எடத்துல பட்டி வச்சுத் தேச்சிருக்காங்க. டிங்கர் வேல பாக்குற ராசையாவக் கூப்புட்டான். அந்தாளு பீடிய அணைக்காமயே கதவு ரப்பர இழுத்து ஓரத்துல எட்டிப் பாத்தாரு. "ரெண்டு கதவுக்கும் ஊடால நிக்கிற தூணு ஒடிஞ்சிருக்கு தம்பி. வேற வண்டித் தூண வெட்டியாந்து ஒட்டியிருக்காய்ங்க. நிக்கிறப்ப மாப்ள மாதிரி நிக்கும். அந்தப் பக்கம் ஒரு இடி வாங்குச்சு, அப்பளம்"னாரு. மொதலாளிட்டச் சொன்னான். சொல்லாம ஒண்ணும் இருக்கல, சொன்னான், அத யாரும் மறக்கக் கூடாது. அவரு நிதானமா டீய உறிஞ்சிட்டு, "நாம என்னைக்குடா பொய் சொல்லியிருக்கோம்? வெளிச்சத்தக் கொஞ்சம் கூட்டுறோம். அம்புட்டுத்தேன்"னாரு. இவனும் போயி கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தான். காலைல பத்துல இருந்து சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஒவ்வொரு கம்பியா இழுத்து நிமித்துனான். நிமித்த நிமித்த அது கம்பியா இல்லாம ஏதோ தீக்குச்சி அடுக்குன மாதிரி தெரிஞ்சுச்சு, அதனால கம்பிய மொத்தமாத் தூக்கிட்டு வானத்தப் போட்டான், மேகத்தப் போட்டான், ஓரம் மொட்டையா இருக்கேன்னு மரத்த நட்டான். கடைசியா, எப்பயும்போல, கதவுக்குள்ள தொப்பையோட, கேமரா ஸ்டாண்டு மூணு காலோட நின்ன தன்னையே அழிச்சான். இதுவரைக்கும் மூவாயிரம் கார் எடுத்திருப்பான். மூவாயிரத்துலயும் நின்னவன், ஒண்ணுலயும் இல்ல. அன்னைக்கு மொதலாளி அந்தப் படத்தப் பாத்துட்டு, "யப்பா, எனக்கே வாங்கணும்போல இருக்கு"ன்னாரு. அதக் கேட்டு இவன் சிரிச்சான். நல்லா, வாய் நெறையச் சிரிச்சான். அந்தச் சிரிப்ப எங்கிட்டுக் கொண்டு போயி அழிக்கிறது.

பதினாலு நிமிசம். இந்நேரம் பாண்டி கோயிலு வந்திருக்கும். அக்கா எறங்கி சூடத்தத் தொட்டு கண்ணுல ஒத்திக்கிட்டு, வண்டி நம்மளுதுன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணியிருப்பா. வந்ததும் என்னான்னு சொல்றது? ஒத்திகை பாத்தான். "அக்கா, இந்த வண்டி வேணாம்." ஏன்னு கேப்பா. "கலரு நல்லா இல்லக்கா." அவளுக்குச் செவப்புன்னா உசுரு, அவ தைக்கிற ஜாக்கெட்டுல பாதி செவப்பு. "மைலேஜு இல்லக்கா." பக்கத்துல நிக்கிற மொதலாளி இருவதுன்னு எழுதிக் காட்டுவாரு. "அக்கா, ராசி இல்லாத வண்டி." சாமியாரு வேசம் இவனுக்கு எடுபடாது, நாலு வருசத்துக்கு முன்னாடி அவ வீட்டுப் பூசைல சுண்டல மட்டும் அள்ளித் தின்னுட்டு ஓடுனவன். எல்லாம் கடைசில ஒரு தமாசுலதேன் போயி முட்டுது. கல்யாண வீட்டுல, எழவு வீட்டுல, கோர்ட்டு வாசல்ல கூட நாலு பேரச் சிரிக்க வச்ச வாய். தூணு ஒடிஞ்சிருக்குக்கான்னு ரெண்டு வார்த்த வரமாட்டேங்குது. ஏன்னா அதச் சொன்னா அடுத்தது அவ கேப்பா. போட்டோல நேராத்தான இருந்துச்சு? அந்தக் கேள்விக்கு இந்த ஊருலயே ஒருத்தன்தேன் பதில் வச்சிருக்கான், அவன் கறுப்புச் சட்டை போட்டிருக்கான். கொஞ்ச முன்னாடி அவ என்ன சொன்னா, "எந்தம்பி எடுத்த படம்டா. அதுக்கப்புறம் நான் என்னத்த யோசிக்கிறது?" சொல்லிட்டுச் சிரிச்சா. அவ சிரிச்சப்ப மச்சான் வண்டிக்கிட்டப் போயி கதவத் தடவிக்கிட்டு இருந்தாரு. சக்கரைல கண்ணு மங்கிப் போன மனுசன், எல்லாத்தயும் கையாலதேன் பாப்பாரு. சரியா அந்த எடத்துல கைய வச்சு, "வழுவழுன்னு இருக்கு மாப்ள, கொழந்த கன்னம் மாதிரி"ன்னாரு. ஒட்டுப் போட்ட எடத்தத் தடவித் தடவி. இவனுக்குத் தன் கன்னத்த யாரோ தடவுற மாதிரி, அடுத்து அறை விழப் போற மாதிரி.

மச்சானுக்குக் கண்ணு தெரியாததுனாலதேன் அவ கார் ஓட்டவே கத்துக்கிட்டா. நாப்பத்தஞ்சு வயசுல. ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ்சு மாறணும், அவரு படியத் தடவுறதுக்குள்ள கண்டக்டர் விசில் ஊதிருவான். ரெண்டு தடவ லைசென்சுல தோத்தா, மூணாவது தடவ வாங்குனா. வாங்குன அன்னைக்கு செல்லூரு பூராவும் ஜிலேபி குடுத்தா. "இனிமே ஓசி பஸ்ல நின்னுக்கிட்டே போறதெல்லாம் இல்லடா. உக்காந்துதேன் போவேன். அதுவும் நாந்தேன் ஓட்டுவேன்." நாந்தேன் ஓட்டுவேன். ஓட்டுறவுக உக்காருறது வலது பக்கம். வலது பக்கம். தூணு எந்தப் பக்கம்? இந்தக் கேள்விய அவன் மனசு இருவது தடவ கேட்டுருச்சு, ஒவ்வொரு தடவயும் பதில் மாறிப் போயிராதான்னு ஒரு நப்பாசை. மாறல. அவ இடுப்புக்கும் தோளுக்கும் நேரா, ஒரு சாண் தள்ளி, வேற வண்டிலருந்து வெட்டியாந்த தூணு.

ஆபீஸுக்குள்ள போனான். தண்ணி குடிக்கத்தேன் போனான், குடிக்கல. செவுரு பூரா சாவி குடுக்குற போட்டோ. இந்தக் கடைல வண்டி வாங்குனா மாலை போட்டு, டயருக்கு அடில எலுமிச்சம்பழம் வச்சு, அட்டைல செஞ்ச மொழ நீளச் சாவிய மொதலாளி கைல இருந்து வாங்குற மாதிரி ஒரு படம். எல்லாம் இவன் எடுத்தது. ரிட்டயர்டு வாத்தியாரு, சாவிய செங்கோலு மாதிரி புடிச்சிருக்காரு. புதுசாக் கல்யாணம் ஆன ரெண்டு பேரு, வண்டிய விட்டுட்டு ஒருத்தர ஒருத்தரு பாக்குறாக. ஒரு நர்சம்மா, பக்கத்துல அவுங்க ஆத்தா. எல்லாரு பின்னாடியும் வண்டி வைரம் கணக்கா மின்னுது. எதுல நெசம், எதுல இவன்? ஞாபகப்படுத்திப் பாத்தான். வாத்தியாரு வண்டி, பானெட்டுல மட்டும், அது சும்மா கீறல். நர்சம்மா வண்டி... நர்சம்மா வண்டில கம்பி எங்கிட்டு நெளிஞ்சுச்சு? பின்னாடியா? பின்னாடிதேன். பின்னாடின்னா பரவால்ல. பின்னாடி யாரு உக்காருவா? அவுங்க ஆத்தா. சட்டுனு வெளிய வந்துட்டான். நாலு வருசமா இந்தச் செவுத்தப் பாக்குறான், இவுகளுக்குன்னு ஒரு தம்பி எங்கயாச்சும் இருப்பான்னு ஒரு நாளும் தோணல. இன்னைக்குச் சொந்த அக்கா வந்து நின்னதும் எம்புட்டு ஞானம். அந்த ஞானத்த நெனச்சா அவனுக்கே காறித் துப்பணும்போல இருந்துச்சு.

இருவத்தெட்டு நிமிசம். இருவதுன்னுதான சொன்னாரு. ரோட்டுல ஒரு லாரி, அதுக்குப் பின்னாடி ஒரு லாரி, ஜல்லி ஏத்துனது, அது போறப்ப தகரக் கூரை நடுங்குது. ரிங் ரோட்டுல குறுக்க வர்றவன் பாத்தா வருவான்? வலது பக்கம் திரும்பணும் இங்க வர்றதுக்கு. திரும்புறப்ப அவ பக்கந்தேன் பின்னாடி முந்திக்கிட்டு வர்ற லாரிக்குக் காட்டும். அவ இண்டிகேட்டரு போடுவா, மறக்க மாட்டா, போட்டுட்டு நடு ரோட்டுல நின்னு யோசிப்பா, அதுதேன் அவ பழக்கம், ஓட்டக் கத்துக் குடுத்தவன் அதுக்குத்தேன் தெனம் வஞ்சான். தூரத்துல ஆம்புலன்ஸ் சத்தம். ஆம்புலன்ஸ் இந்த ரோட்டுல தெனம் போகும், இது பெரியாஸ்பத்திரிக்குப் போற வழி, அதுல ஒண்ணும் இல்ல. சத்தம் பாண்டி கோயில் பக்கம் இருந்து வருதா, அந்தப் பக்கம் போகுதா? காத எங்கிட்டு வச்சாலும் அங்கிட்டு இருந்து வர்ற மாதிரியே இருக்கு. பஞ்சர் கடைக்காரன்ட்ட ஓடிப் போயி போன் கேக்கலாமா? கேட்டு யாருக்குப் போடுறது? அக்கா போன் மடில இருக்கும், ஓட்டிக்கிட்டே எடுப்பா. எடுத்துட்டா அதுலயே போச்சு. வேணாம், எடுக்காதக்கா. நான் போடவே இல்ல, நீ எடுக்காத. ரோட்டு வெளிம்புல நிக்கிறான். வேர்வைல கறுப்புச் சட்டை முதுகோட ஒட்டிருச்சு. முப்பத்தொண்ணு. அவுக பத்திரமா வந்து சேந்தாப் போதும், நான் என்ன வேணா சொல்லிடுறேன், எல்லாத்தயும் சொல்லிடுறேன் முனியாண்டின்னு வேண்டுனான், வேண்டி முடிக்கிறதுக்குள்ள அந்தப் பக்கத்துல ஒரு செவப்பு தெரிஞ்சுச்சு. இண்டிகேட்டரு போட்டுக்கிட்டு, நடு ரோட்டுல நின்னு, யோசிச்சுக்கிட்டு.

ஒரு பஸ்சு ஆரன அமுத்திக்கிட்டு சுத்திப் போச்சு. அதுக்கப்புறம் வண்டி மெல்லத் திரும்பி உள்ள வந்து நின்னுச்சு.

"கிளச்சு வெண்ணெய் மாதிரி இருக்குடா"ன்னு தவமணி எறங்குனா. மூஞ்சி பூரா சிரிப்பு, நெத்தில துன்னூறு. "கோயில்ல கூட்டம், அதேன் லேட்டு. என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"வெயிலுக்கா."

"அம்மா பிரமாதமா ஓட்டுறாங்க"ன்னு மொதலாளி பின்னாடி இருந்து எறங்குனாரு. ஆபீஸ் வாசல்ல சாத்தியிருந்த அட்டைச் சாவி அதுக்குள்ள அவரு கைல. "ஒச்சு, போட்டோ எடுத்துரு. பேப்பர அப்புறம் பாத்துக்கலாம். போர்டுக்கு முன்னாடி நிப்பாட்டு."

போர்டுக்கு முன்னாடின்னா வண்டியோட இடது பக்கம். ஒச்சப்பன் கேமராவ ஸ்டாண்டோட தூக்கியாந்தான். "அங்க வெளிச்சம் பத்தல மொதலாளி. இங்கிட்டு, வலது பக்கம் நிக்கட்டும்."

"அங்க நின்னா போர்டு தெரியாதேடா."

"போர்ட நான் ஒட்டிக்கிறேன்."

மொதலாளி சிரிக்கல. அவன ஒரு பார்வ பாத்தாரு. தோள்ல கை வைக்கிற தூரத்துல இல்ல, அதனால பார்வையாலயே வச்சாரு. தவமணி அதுக்குள்ள மச்சானக் கூட்டிக்கிட்டு அங்கிட்டு வந்துட்டா. சாயங்கால வெயிலு சாஞ்சு அடிக்கிது. எதுத்தாப்புல மூணு கரண்டுக் கம்பி.

"அக்கா, பொட்டு கோணியிருக்கு. கதவுல பாத்துச் சரி பண்ணிக்க."

குனிஞ்சா. பொட்டுக்கு வெரலக் கொண்டு போனா. வெரலு பாதில நின்னுச்சு. தலைய இடது பக்கம் சாச்சா, வலது பக்கம் சாச்சா, ஒரு எட்டு பின்னாடி போனா, ஓரம் தச்ச துணியத் தூக்கிப் புடிச்சு ஒத்தக் கண்ணால நோட்டம் பாப்பா பாருங்க, அதே மாதிரி. ஜாக்கெட்டு கை ஒரு நூலு ஏறியிருந்தா ராத்தூக்கம் போயிரும் அவளுக்கு. கதவுல அவ சேலக் கரை இடுப்புக்கிட்ட ஒடிஞ்சு, உள்ள போயி, தனியா எந்திரிச்சு வந்துச்சு.

"என்ன தவமணி?"ன்னாரு மச்சான்.

"ஒண்ணுமில்ல. ஒரு கோடு ஓடல."

"அது மெழுகும்மா. ஈரம் காஞ்சாச் சரியாயிரும்"னாரு மொதலாளி.

அவ அவரப் பாக்கல. கதவையேதேன் பாத்துக்கிட்டு இருந்தா. கதவுக்குள்ள அவளுக்குப் பின்னாடி கறுப்புச் சட்டை, தொப்பை, மூணு காலு, மூஞ்சிய மறைச்சுக்கிட்டு ஒரு கேமரா.

"தம்பி, அந்தத் தென்னமரத்த எப்ப வெட்டுனாங்கன்னு சொன்ன?"

ஒச்சப்பன் கேமராவுல இருந்து மூஞ்சிய எடுத்தான். இப்ப ஒரு தமாசு வரணும். வழக்கமா இந்நேரம் வந்துரும். அவனும் ஒரு விநாடி பாத்தான். வரல.

"வெட்டலக்கா."

"பின்ன?"

"மரமே கெடையாது. நாந்தேன் ஒட்டுனேன். கம்பி நெளிஞ்சுச்சு, நாந்தேன் மறைச்சேன். நடுத்தூணு ஒடிஞ்சு ஒட்டுப் போட்ட வண்டிக்கா இது. நீ உக்காருற பக்கம்."

ஒரு லாரி போச்சு. தகரம் நடுங்கி அடங்குச்சு. மொதலாளி அட்டைச் சாவிய ரெண்டா மடிச்சாரு, அது மடிய மாட்டாம மடிஞ்சுச்சு. சட்டைப் பையில இருந்து ஒச்சப்பனோட போன எடுத்து பானெட்டு மேல வச்சாரு. "எடுத்துக்க. நாளைக்கு வராத"ன்னு ரொம்பத் தணிவாச் சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. போனு கருப்பா கெடந்துச்சு. இவன் போன்லதேன் சார்ஜ் இல்ல. எப்ப இருந்து இல்லயோ.

மச்சான் கைய நீட்டி, கதவத் தேடி, அந்த எடத்த மறுபடி தடவிப் பாத்தாரு. "வழுவழுன்னுதேன் இருக்கு"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு.

தவமணி நெசச் சாவிய ஓட்டுறவுக சீட்டு மேல வச்சுட்டுக் கதவச் சாத்துனா. சத்தம் வராம, பதமாச் சாத்துனா. இன்னும் தம்பி மூஞ்சியப் பாக்கல. கதவுக்குள்ள இருந்தவனத்தேன் பாத்தா, இடுப்புல ஒடிஞ்சு நின்னவன.

"ஒன்னய வீட்ல வச்சுப் பேசிக்கிறேன்"ன்னா அவன்கிட்ட. பெறகு புருசன் கையப் புடிச்சு, ரோட்டப் பாத்துத் திருப்பி விட்டா.

"நடங்க. பஸ்ல உங்களுக்கும் இவனுக்கும் ரெண்டு டிக்கெட்டு எடுங்க. எனக்குத்தேன் ஓசி."